எய்ட்ஸில் பெற்றோரை இழந்த சிறு குழந்தைகள்: உதவியை எங்கிருந்து தொடங்குவது?

ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி, எய்ட்ஸால் தாயையோ தந்தையையோ இருவரையுமோ இழந்து, இன்னும் 18 வயது நிரம்பாத பிள்ளைகள் உலகில் சுமார் 1.4 கோடிப் பேர். இவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் இருக்கிறார்கள். இந்த எண்ணைக் கேட்டதும் வரிசையாகக் கட்டில் போட்ட விடுதி ஒன்றுதான் பலருக்கும் மனதில் வரும். ஆனால் விடுதியில் வளர்பவர்கள் இதில் மிகச் சிலர். உயிரோடிருக்கும் தாயிடமோ தந்தையிடமோ, இல்லையென்றால் பாட்டி, அத்தை, பெரியம்மா, மூத்த அக்கா என்று யாராவது சொந்தக்காரரிடமோதான் பெரும்பாலான பிள்ளைகள் வளர்கிறார்கள்.

அதனால் ‘பாவம், அந்தக் குழந்தைக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்’ என்று தொடங்கினால் பாதி வழியிலேயே நின்றுவிடுவோம். அந்தக் குழந்தையை யார் வளர்க்கிறார், அவருக்கு என்ன குறை என்று கேட்டால்தான் விஷயம் நகரும். பிறந்ததிலிருந்து எட்டு வயது வரையுள்ள குழந்தைகளை மனதில் வைத்தே இங்கே எழுதுகிறேன். வளரிளம் பருவத்தினரின் சிக்கல்கள் வேறு, அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

இந்த மரணம் ஏன் வேறு மாதிரி?

விபத்தில் அப்பா போய்விட்டால் அந்த நாளிலிருந்து துக்கம் தொடங்குகிறது. எய்ட்ஸில் அப்படி இல்லை. சிகிச்சை கிடைக்காத வீட்டில் அம்மா மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் இருப்பார். குழந்தை அதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்க்கும். தண்ணீர் எடுத்துக் கொடுக்கும், தம்பியைப் பார்த்துக்கொள்ளும், பள்ளிக்கு லீவு போடும். வீட்டில் இருந்த ஆடு மாடு, பாத்திரம், நிலம் ஒவ்வொன்றாக மருத்துவச் செலவுக்கு விலை போயிருக்கும். அதாவது பெற்றவர் சாகும்போது குழந்தைக்குத் துக்கமும் புதிதல்ல, பசியும் புதிதல்ல.

இன்னொன்று, இந்த நோய் பல சமயம் கணவன் மனைவி இருவருக்கும் இருக்கும். ஒருவர் போன சில ஆண்டுகளில் மற்றவரும் போகலாம். குழந்தைக்கும் பிறக்கும்போதே தொற்று வந்திருக்கலாம். இதற்கெல்லாம் மேல், ரகசியம். என்ன நோய் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால் காசநோய் என்றோ வேறு எதுவோ என்றோ சொல்வார்கள். பெரியவர்கள் குசுகுசுவென்று பேசுவதும் தான் உள்ளே வந்ததும் நிறுத்துவதும் நான்கு வயதுக் குழந்தைக்கும் தெரியும். காரணம் புரியாது. ஏதோ அசிங்கம் நடந்திருக்கிறது, அதில் தனக்கும் பங்கு உண்டு என்று அது தானாகவே முடிவுகட்டிக்கொள்ளும்.

தென்னாப்பிரிக்காவில் லூசி குளூவர் என்ற ஆய்வாளர் பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். மற்றக் காரணங்களால் பெற்றோரை இழந்தவர்களைவிட எய்ட்ஸால் இழந்தவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் இருந்தன, நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அது தணியவில்லை. ஊரார் ஒதுக்குவதும் பசியும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால் பாதிப்பு பன்மடங்கானது. பசிக்கும் அவமானத்துக்கும் ஏதாவது செய்ய முடியும் என்பதால் இந்த முடிவை நான் நம்பிக்கை தரும் செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

‘அம்மா எப்போ வருவாங்க?’

சிறு குழந்தைக்கு மரணம் எப்படிப் புரிகிறது என்பது வயதைப் பொறுத்தது. இரண்டு வயதுக்குள் ‘சாவு’ என்ற எண்ணமே கிடையாது, ஆனால் தூக்கிய கை மாறிவிட்டது என்பது நன்றாகத் தெரியும். சாப்பிட மறுப்பது, ராத்திரி வீரிட்டு அழுவது, யாரிடமும் ஒட்டாமல் வெறித்துப் பார்ப்பது, இவைதான் அந்த வயதின் துக்கம். இதற்கு மருந்து பேச்சு அல்ல. ஒரே ஆள், ஒரே மாதிரியான நேரத்தில் ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் தூங்கவைப்பதும்தான். வாரத்துக்கொரு சித்தி வீடு என்று குழந்தையை மாற்றிக்கொண்டே இருப்பது, எவ்வளவு பாசத்தோடு செய்தாலும், இந்த வயதில் பெரிய கெடுதல்.

மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் குழந்தை மரணத்தைப் பயணம் மாதிரி நினைக்கிறது. போனவர் திரும்பி வரலாம். அதனால்தான் காலையில் ‘அம்மா செத்துட்டாங்க’ என்று தானே சொல்லிவிட்டு, சாயங்காலம் ‘அம்மா எப்போ வருவாங்க?’ என்று கேட்கும். பத்து முறை சொன்னாலும் பதினொன்றாவது முறை கேட்கும். கேட்கும் ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொல்ல வேண்டும், சலித்துக்கொள்ளாமல்.

பெரியவர்கள் இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். ‘அம்மா தூங்குறாங்க’ என்று சொன்னால் அந்தக் குழந்தை அன்றிரவு தூங்கப் பயப்படும். ‘ஊருக்குப் போயிருக்காங்க’ என்றால் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும், வராதபோது ‘என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க’ என்று நினைக்கும். ‘சாமி கூட்டிக்கிட்டாரு’ என்பது நம்பிக்கையுள்ள வீடுகளில் இயல்பான பேச்சுதான், ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் சாமி அடுத்து பாட்டியையும் கூட்டிக்கொள்வாரோ என்ற பயம் வரும். நேரடியாகச் சொல்வது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் குழந்தைக்கு அதுதான் எளிது: ‘அம்மாவுக்கு ரொம்ப உடம்பு சரியில்லை. டாக்டர் மருந்து கொடுத்தாங்க, ஆனா உடம்பு குணமாகலை. அம்மா செத்துட்டாங்க. இனிமே அம்மாவால சாப்பிட முடியாது, பேச முடியாது, திரும்பி வர முடியாது. அம்மா செத்ததுக்கு நீ காரணம் இல்லை. நான் உன்கூடத்தான் இருக்கேன்.’ கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடக் கூடாது. அம்மாவிடம் கோபித்துக்கொண்டதால்தான் அம்மா செத்தாள் என்று ஐந்து வயதுப் பிள்ளை மனப்பூர்வமாக நம்பக்கூடும்.

ஆறு வயதுக்குமேல், இது திரும்பாத விஷயம் என்று மெல்லப் பிடிபடும். கூடவே ‘எனக்கும் அந்த நோய் வருமா’ போன்ற கேள்விகளும் வரும். அப்புறம், குழந்தைகள் பெரியவர்கள் மாதிரித் தொடர்ந்து அழுவதில்லை. பத்து நிமிடம் தேம்பும், பிறகு ஓடிப்போய்ப் பந்து விளையாடும். ‘இதுக்கு ஒண்ணும் தெரியலை’ என்று அதைப் பார்த்து முடிவுகட்டிவிடாதீர்கள். விளையாட்டிலேயே பொம்மையைப் புதைப்பதும் எழுப்புவதும் அதற்குத் துக்கம் கொண்டாடும் வழி.

உகாண்டாவில் எச்.ஐ.வி. உள்ள பெண்களின் அமைப்பான நாக்வோலா, 1990-களில் ‘நினைவுப் புத்தகம்’ என்ற ஒன்றைப் பரப்பியது. தாய் உயிரோடு இருக்கும்போதே குழந்தையோடு உட்கார்ந்து எழுதுவது. நீ பிறந்த அன்று மழை பெய்தது, உனக்கு இந்தப் பெயரை வைத்தது இன்னார், உன் தாத்தா ஊர் இது, உனக்குப் பிடிக்காத காய் இது. தென்னாப்பிரிக்காவில் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் சினோம்லாண்டோ மையம் இதையே பெட்டியாகச் செய்தது. ஒரு புகைப்படம், அம்மாவின் துணித் துண்டு, பள்ளிச் சான்றிதழ், குடும்பத்துப் பெரியவர்கள் சொன்ன கதையின் ஒலிப்பதிவு எல்லாம் அதற்குள் போகும். பெட்டி என்னவோ சாதாரண அட்டைப்பெட்டிதான். அதைச் செய்யும் சாக்கில் வீட்டில் இதுவரை யாரும் பேசாத விஷயம் பேசப்படுகிறது என்பதில்தான் அதன் பலன் இருக்கிறது. பெற்றவர் இறந்த பிறகும் பாட்டியும் பேரனுமாகச் சேர்ந்து இதைச் செய்யலாம்.

வளர்ப்பவர் கிழவியாக இருந்தால்

தாயும் தந்தையும் இல்லாத பல வீடுகளில் பொறுப்பு பாட்டியின் தலையில் விழுகிறது. தன் மகளையோ மகனையோ புதைத்துவிட்டு வந்தவர் அவர். சில பாட்டிகள் மூன்று நான்கு பிள்ளைகளைப் புதைத்தவர்கள். வயதான காலத்தில் பிள்ளைகள் சோறு போடுவார்கள் என்று இருந்தவர் அறுபத்தைந்து வயதில் மறுபடியும் இடுப்பில் குழந்தையைச் சுமக்கிறார். தனக்கே சர்க்கரையோ மூட்டுவலியோ இருக்கும், ஆனால் மருத்துவமனைக்குப் போக நேரமிருக்காது. அழ இடமும் இருக்காது, குழந்தைகள் பார்ப்பார்களே.

வளர்ப்பவர் மனச்சோர்வில் இருந்தால் அது நேரே குழந்தையிடம் போய்ச் சேரும். சிறு குழந்தையின் மூளை வளர்வது கொடுக்கல் வாங்கலில். அது ‘ஆ’ என்றால் பெரியவர் ‘ஆ’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும், அது விரலை நீட்டினால் பெரியவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். மனம் மரத்துப்போனவரால் இது முடியாது. பாசம் இல்லாமல் இல்லை, சக்தி இல்லை. 2018-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மற்றவர்களும் வெளியிட்ட சிறு குழந்தை வளர்ப்புச் சட்டகம் ஆரோக்கியம், ஊட்டம், பாதுகாப்பு, கற்றல் ஆகியவற்றோடு இந்தப் பதில் கொடுக்கும் வளர்ப்பையும் சமமாக வைத்தது இதனால்தான்.

பாட்டிக்கு என்ன உதவி செய்யலாம்? பெரிய திட்டம் வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு அரை நாள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தாலே அவர் தன் பல்வலிக்கு மருத்துவரைப் பார்க்க முடியும். உகாண்டாவின் தென்மேற்கில் 2001-ல் தொடங்கிய நியாக்கா என்ற அமைப்பு முதலில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தத்தான் வந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போனால் அங்கே பாட்டி பசியோடு இருப்பதைப் பார்த்துப் பாட்டிகளுக்கென்றே குழுக்கள் அமைத்தது. குழுத் தலைவியைப் பாட்டிகளே தேர்ந்தெடுக்கிறார்கள். சிறு கடன், ஒழுகாத கூரை, புதிய அடுப்பு யாருக்கு முதலில் என்பதை முடிவு செய்பவர்களும் அவர்களே. எந்த வீட்டில் நிலைமை மோசம் என்று வெளியிலிருந்து வரும் அதிகாரியைவிட அடுத்த வீட்டுக் கிழவிக்கு நன்றாகத் தெரியும் அல்லவா.

ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-ல் தொடங்கிய ‘நட்பு பெஞ்சு’ திட்டத்தில் பாட்டிகள் உதவி பெறுபவர்கள் இல்லை, கொடுப்பவர்கள். பயிற்சி பெற்ற பாட்டி சுகாதார நிலையத்துக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மனம் கனத்து வருபவர் பேசுவார், பாட்டி கேட்பார், இருவரும் சேர்ந்து ஒரே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து அதற்கு அடுத்து என்ன செய்வது என்று யோசிப்பார்கள். 2016-ல் வெளிவந்த ஆய்வில், இப்படிப் பேசியவர்களுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு அறிகுறிகள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. வளர்ப்பவர்களின் மனபாரத்துக்கு நிபுணர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு நல்ல சான்று இது.

பரிசோதனையும் மருந்தும்

பெற்றோர் எய்ட்ஸில் இறந்தார்கள் என்பதாலேயே குழந்தைக்கும் எச்.ஐ.வி. இருக்கும் என்று அர்த்தமில்லை. எந்தத் தடுப்பு மருந்தும் எடுக்காத தாயிடமிருந்துகூடத் தொற்று போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம்தான். தாய் ஒழுங்காக மருந்து எடுத்திருந்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே. ஊகம் வேண்டாம், பரிசோதனை செய்துவிடுங்கள். ஒரு நுணுக்கம்: 18 மாதம் வரை குழந்தையின் ரத்தத்தில் தாயின் எதிர்ப்பொருள்கள் (வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்குபவை) இருக்கும். அதனால் வழக்கமான எதிர்ப்பொருள் சோதனை தொற்றில்லாத குழந்தைக்கும் ‘உண்டு’ என்று காட்டலாம். கைக்குழந்தைக்கு வைரஸையே தேடும் சோதனை வேண்டும், பிறந்த நான்கிலிருந்து ஆறு வாரத்தில் அதைச் செய்வார்கள். தள்ளிப்போடக் கூடாத வேலை இது. தொற்றோடு பிறந்து சிகிச்சை பெறாத குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பிறந்தநாளுக்குள்ளும், பாதி இரண்டு வயதுக்குள்ளும் இறந்துவிடுகிறார்கள்.

தொற்று இருந்தால் மருந்து தினமும், வாழ்நாள் முழுக்க. வளர்ப்பவருக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. பல ஆண்டுகள் குழந்தைகளுக்குக் கொடுத்துவந்த லோபினாவிர்-ரிட்டோனாவிர் சிரப் படுகசப்பு, அதில் 40 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால், பயன்படுத்தும் வரை குளிரில் வேறு வைக்க வேண்டும். மின்சாரமே இல்லாத வீட்டில் பாட்டி என்ன செய்வார்? குழந்தையின் மூக்கைப் பிடித்து ஊற்றினால் துப்பும், மறுபடி ஊற்ற வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. 2020-ல் குழந்தைகளுக்கான டோலுடெக்ராவிர் கரையும் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. ஸ்ட்ராபெரி சுவை, கொஞ்சம் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். குழந்தைக்கான ஓராண்டு மருந்துச் செலவு 400 டாலருக்கு மேல் இருந்தது, 120 டாலருக்குக் கீழே வந்தது. பல வீடுகளில் தினசரி மல்லுக்கட்டு நின்றதற்கு இந்தச் சின்ன மாத்திரைதான் காரணம்.

‘எனக்கு ஏன் தினமும் மாத்திரை?’ என்ற கேள்வி எப்படியும் வரும். பள்ளி வயதுப் பிள்ளைக்கு, அதாவது ஆறிலிருந்து பன்னிரண்டுக்குள், தன் தொற்றைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2011 வழிகாட்டுதல். அதற்கும் சிறிய பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக: ‘உன் ரத்தத்தில் ஒரு கிருமி தூங்குது, இந்த மாத்திரை அதை எழுந்திருக்க விடாது.’ இதில் பொய் எதுவுமில்லை, பிறகு மாற்றிச் சொல்ல வேண்டியதும் இல்லை. நோயின் பெயர் பின்னால் வரட்டும். தொடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ எச்.ஐ.வி. பரவாது. இதை வீட்டில் உள்ள எல்லோரும், குறிப்பாகத் தட்டைத் தனியாக எடுத்துவைக்கும் பெரியப்பாக்கள், தெரிந்துகொள்ள வேண்டும்.

பணம், காகிதம், பெயர்

பசிக்கு அறிவுரை உதவாது. கென்யா 2004-ல் பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்க்கும் ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கியது. பணத்தைக் குடித்துவிடுவார்கள் என்ற வழக்கமான சந்தேகம் அங்கேயும் எழுந்தது. ஆனால் ஆய்வுகளில் தெரிந்தது, பிள்ளைகள் மேல்நிலை வகுப்புகளில் நீடித்தார்கள் என்பதுதான்.

தென்னாப்பிரிக்காவின் அனுபவம் வேறு பாடம். அங்கே ஏழைக் குழந்தைகளுக்கான உதவித்தொகை 1998-லிருந்து உண்டு. வளர்ப்புக் குழந்தைக்கான தொகை அதைவிட இருமடங்குக்கும் மேல், ஆனால் அதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும். பாட்டிகள் இயல்பாகவே பெரிய தொகைக்கு விண்ணப்பித்தார்கள். எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. சமூகப் பணியாளர்கள் உத்தரவைப் புதுப்பிக்கும் காகித வேலையிலேயே மூழ்க, உண்மையில் அடி உதை வாங்கும் குழந்தையைப் போய்ப் பார்க்க ஆள் இல்லை. சொந்தக்காரர் வளர்க்கும் குழந்தைக்கு நீதிமன்றம் போகாமலே கூடுதல் தொகை தரும் ஏற்பாடு 2022-ல்தான் வந்தது.

எய்ட்ஸால் பெற்றோரை இழந்தவர் என்பதையே தகுதியாக வைக்கும் உதவிகளை எனக்குப் பிடிப்பதில்லை. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு மட்டும் புதுச் சீருடை வந்தால் அதன் காரணம் மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். பக்கத்து வீட்டில் இரண்டு பெற்றோரும் இருந்தும் பட்டினி கிடக்கும் பிள்ளைக்கு அது ஏன் இல்லை என்ற கேள்வியும் நியாயமானது. ஏழ்மையை அளவாக வைத்தால் பெற்றோரை இழந்த பெரும்பாலானோர் எப்படியும் அதற்குள் வந்துவிடுவார்கள், யார் முதுகிலும் முத்திரை விழாது.

விடுதி கட்டினால் போதாதா?

நல்ல மனம் படைத்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ருமேனியாவின் புக்காரெஸ்டில் 2000-ல் தொடங்கிய ஆய்வு ஒன்று விடுதியில் இருந்த 136 கைக்குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பியது. குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியிலும் பாச உறவிலும் முந்தினார்கள், இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் அதிகமாக. எதிர்ப்பக்கமும் உண்டு: ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் ஐந்தில் நடந்து 2009-ல் வெளிவந்த ஆய்வில் விடுதிப் பிள்ளைகள் சமூகத்தில் வளர்ந்த பிள்ளைகளைவிட மோசமாக இல்லை. ஆனால் அவர்கள் 6 முதல் 12 வயதினர். கைக்குழந்தைக்கு ஷிப்டு மாறும் ஆயா போதாது என்ற முடிவை அது அசைக்கவில்லை. விடுதிக்கு வந்து இரண்டு வாரம் கொஞ்சிவிட்டுப் போகும் தன்னார்வலர்களும் இதே கணக்கில்தான் வருவார்கள். குழந்தை ஒவ்வொருவரிடமும் ஒட்டி, ஒவ்வொருவரையும் இழக்கிறது.

பெற்றவர் உயிரோடு இருக்கும்போதே

எல்லாவற்றிலும் பெரிய உதவி, குழந்தை பெற்றோரை இழக்காமல் பார்த்துக்கொள்வதுதான். போட்ஸ்வானா 2002-ல் அரசுத் திட்டமாக இலவச எச்.ஐ.வி. மருந்து கொடுக்கத் தொடங்கியது, மற்ற ஆப்பிரிக்க நாடுகளும் பின்தொடர்ந்தன. இன்று உலகில் 3 கோடிக்கும் மேற்பட்டோர் மருந்தில் இருக்கிறார்கள், அவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளைத் தாங்களே வளர்க்கிறார்கள். 2003-ல் தொடங்கிய அமெரிக்காவின் பெப்ஃபார் என்ற எய்ட்ஸ் நிவாரண நிதி இதில் பெரும் பங்கு வகித்தது. அதில் 10 சதவீதம் எய்ட்ஸால் பெற்றோரை இழந்த, பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. 2025-ன் தொடக்கத்தில் அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுத்தப்பட்டபோது பல இடங்களில் மருந்து நிலையங்களும் குழந்தைகளுக்கான சேவைகளும் தடுமாறின. ஒரே கையை நம்பியிருப்பதன் ஆபத்து அப்போது தெரிந்தது.

மருந்தில் நன்றாக இருக்கும் பெற்றோரும் சில ஏற்பாடுகளை இப்போதே செய்துவைப்பது நல்லது. தனக்குப் பிறகு குழந்தை யாரிடம் வளரும் என்பதை அந்த நபரிடமே கேட்டு, அவர் சம்மதித்த பிறகு எழுதி, சாட்சிக் கையெழுத்தோடு வைக்க வேண்டும். குழந்தையும் அவரும் அவ்வப்போது ஒன்றாக நாள் கழிக்கட்டும், புது வீடு அன்று அந்நியமாக இருக்காது. உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது என்ற விருப்பத்தையும் அதிலேயே எழுதலாம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, வீட்டின் அல்லது நிலத்தின் பத்திரம் ஆகியவற்றின் நகல் இன்னொரு நம்பகமான வீட்டிலும் இருக்கட்டும். கணவன் இறந்த மறுமாதமே அவன் அண்ணன் தம்பிகள் வந்து நிலத்தை எடுத்துக்கொள்வது பல நாடுகளில் நடந்திருக்கிறது, அப்போது விதவையின் பக்கம் பேசுவதற்கு அந்தக் காகிதம் மட்டுமே இருக்கும்.